அகிஹபாராவுல காணாமப் போனது

உக்காருங்க தம்பி, அந்தச் சீட்டுக்கு ஆளு வரல. டிக்கெட் எடுத்த சீட்டுத்தானுங்க, ஈரோடு வரைக்கும். டிடிஆர் வந்தா நான் சொல்லிக்கறேன், நீங்க எதுக்கு நின்னுக்கிட்டே வரணும்? என் வீட்டுக்காரியோட சீட்டு அது. காலைல மேடவாக்கத்துல மக வீட்டு வாசல்ல பொட்டியோட நிக்கறேன், "நீங்க போங்க"ன்னுட்டா. வரேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. நீங்க போங்க, அவ்வளவுதான். எனக்கும் வந்துச்சு பாருங்க கோவம், சரின்னு ஆட்டோ ஏறிட்டேன். சென்ட்ரல்ல வண்டி நகந்ததுல இருந்து தம்பி அந்தக் காலிச் சீட்டயே பாத்துட்டு வரேன்.

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருசத்துல நான் தனியா வீட்டுக்குப் போயிக் கதவத் தொறந்ததே இல்லீங்க. சாவி எங்க வெக்கறாங்கன்னே எனக்குத் தெரியாது. அவ வருவாளா மாட்டாளா, எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். நீங்க படிச்ச ஆளாட்ட இருக்கறீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க, எம்மேல என்ன தப்பு?

எனக்குக் கோபிங்க. கோபிசெட்டிபாளையம். சென்னியப்பன்னா பஸ் ஸ்டாண்டுல யாரக் கேட்டாலும் கடையக் காட்டுவாங்க. மிக்ஸி, கிரைண்டர், டிவி, ஃபேன், எல்லாம் இருக்குது. கம்பெனிக்காரங்க வருசா வருசம் டார்கெட் முடிச்ச டீலருங்கள வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. பாங்காக் போயிருக்கறேன், துபாய் போயிருக்கறேன். அதெல்லாம் ஆம்பளைங்க மட்டும். இந்த வாட்டி ஜப்பான், சம்சாரத்தோட வரணும்னாங்க. மருமகனக் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டேன். முடியாது, சம்சாரந்தான்னுட்டாங்க. சரின்னு இவளக் கூட்டிட்டுப் போனேன். எங்க தெருவுல எந்தப் பொம்பள தம்பி ஜப்பானப் பாத்திருக்கா? நான் காட்டுனேன். அதுக்குத்தான் இன்னைக்கு இப்பிடிப் பண்றா.

டோக்கியோவுல அகிஹபாரான்னு ஒரு இடமுங்க. கரண்டு சாமான் விக்கறவனுக்கு அதுதான் காசி, அதுதான் ராமேஸ்வரம். நம்ம மெட்ராஸ் ரிச்சி ஸ்ட்ரீட்ட எடுத்து அப்பிடியே வானத்துக்கு நிமித்தி வெச்சாப்பல இருக்குது. எட்டு மாடி, பத்து மாடி, எல்லாமே கடை. ஒரு மாடி பூரா ஹெட்போனு. ஒரு மாடி பூரா பொம்மை. கட்டடத்து மேல பாத்தா கார்ட்டூன் பொண்ணுங்க படம், கண்ணு ஒவ்வொண்ணும் சோத்துத் தட்டு அகலம். கீழ ரோட்டுல நெசப் பொண்ணுங்க, அந்தக் கார்ட்டூனாட்டவே கவுனு போட்டுக்கிட்டு நோட்டீஸ் குடுக்குதுங்க. ஞாயித்துக்கெழம பாருங்க, பெரிய ரோட்டுல வண்டியே உடறதில்ல. ரோடு பூரா சனம் நடக்குது.

ஸ்டேஷன் வாசல்ல எங்க எல்லாத்தையும் நிக்க வெச்சு, டூர்க்காரப் பொண்ணு ஷெரின்னு பேரு, கொடியக் கையில புடிச்சுக்கிட்டு என்னமோ சொல்லிட்டு இருந்துச்சு. நான் அந்நேரம் எங்ககூட டூர் வந்த பவானி டீலருக்கு வெவரம் சொல்லிட்டு இருந்தேன். அந்தாளு ரைஸ் குக்கர் வாங்கியே தீருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. அட, ஜப்பான்ல கரண்டு நூறு வோல்ட்டுங்க. அத நம்மூருக்குக் கொண்டு வந்து பிளக்குல சொருகுனா புஸ்ஸுன்னு போயிரும். இதுகூடத் தெரியாம இருபது வருசமா டீலரு. நான் இல்லீன்னா அன்னைக்கு எல்லாரும் ஏமாந்திருப்பாங்க. அவ பின்னாலதான் நின்னுட்டு இருந்தா. நின்னுட்டு இருந்திருப்பா. எங்க போவா?

முதல்ல ஒரு கடைக்குள்ள போனோம். ஒரு டார்ச் லைட்டு, நல்ல சாமான். பேரம் பேசுனேன். பேரம் பேசாம வாங்குனா அது யாவாரமா? கால்குலேட்டர்ல நான் ஒரு நம்பரப் போட்டேன். கடக்காரன் இடுப்பு வரைக்கும் குனிஞ்சு கும்புட்டுட்டு, பழைய நம்பரையே போட்டான். மறுபடி கொஞ்சம் ஏத்திப் போட்டேன். மறுபடி கும்புட்டான், அதே நம்பரு. ஆளு மசியவே இல்ல. இவ என் சட்டையப் புடிச்சு இழுத்து, "வெலை ஒட்டியிருக்குதுங்க, உடுங்க, பாவம் அவரு"ங்கறா. "உனக்கென்னடி தெரியும் யாவாரத்தப் பத்தி"ன்னேன். சும்மா சொல்றதுதானுங்க. வீட்ல நாம சொல்றதில்லையா?

அப்புறம் ஒரு கடை. சுவரு பூரா சின்னச் சின்ன டப்பா மெஷினு. காசு போட்டுக் கைப்பிடியத் திருகுனா உருண்டையா ஒண்ணு வந்து உழுது, உள்ள பொம்மை. எந்தப் பொம்மை வரும்னு திருகறவனுக்கே தெரியாது. இவ அது முன்னால நின்னுட்டா. "ஒண்ணு திருகிப் பாக்கட்டுமா, ஒரு காசு குடுங்க"ன்னா. பேரனுக்கான்னேன். "இல்லீங்க, எனக்கு"ன்னா. நான் பவானி டீலரக் கூப்புட்டு, "கேட்டீங்களா, அம்பத்தி மூணு வயசுல பொம்மை வேணுமாமா"ன்னேன். அவரு உழுந்து உழுந்து சிரிச்சாரு. அவளுந்தான் சிரிச்சா. கூடச் சேந்துதான் சிரிச்சா, நான் பாத்தேன்.

நான் கொஞ்சம் வெசையா நடப்பனுங்க. நடையே அப்பிடி. கோயிலுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் நான் முன்னால போவேன், அவ பின்னால வருவா. எங்க அப்பனும் அப்பிடித்தான் நடந்தாரு. உங்க அப்பாவ நெனச்சுப் பாருங்க, அவரும் அப்பிடித்தான். பின்னால வருவான்னு நம்பித்தானுங்க முன்னால போறது? நம்பிக்கை இல்லாதவன்தான் திரும்பித் திரும்பிப் பாப்பான்.

பெரிய ரோட்டுக்கு நடுவுல ஒரு இடத்துல நின்னா ரெண்டு பக்கமும் போர்டு எல்லாம் அம்சமாத் தெரியுது. கடையில மாட்டி வெக்கலாம், ஒரு போட்டோ எடுத்துருவோம்னு நெனச்சேன். சட்டைய இழுத்து உட்டு, நிமிந்து நின்னுக்கிட்டு, "இந்தா, புடி"ன்னு போனப் பின்னால நீட்டறேன். வாங்கக் கையி வரல. நீட்டுன கையோட அப்பிடியே நிக்கறேன் தம்பி.

அவ இல்ல.

மொதல்ல கோவந்தான் வந்துச்சு. எவளாச்சும் நோட்டீஸ் குடுத்திருப்பா, வாயப் பாத்துட்டு நின்னிருப்பான்னு வந்த வழியே போனேன். எந்தக் கடைக்குள்ள பூந்து வந்தோம்னே தெரியல. எல்லாக் கடையும் ஒரே மாதிரி மினுக்கு மினுக்குன்னு இருக்குது, எல்லாக் கடையிலயும் ஒரே பாட்டுச் சத்தம். கூப்புடலாம்னா, என்னன்னு கூப்புடறது? நான் அவளப் பேரு சொல்லிக் கூப்புட்டதே இல்லீங்க. "இந்தா"ம்பேன், "ஏ புள்ள"ம்பேன். ரோட்டு நடுவுல நின்னு "ஏ இந்தா! ஏ இந்தா!"ன்னு கத்தறேன். போறவன் வாறவன் எல்லாம் திரும்பிப் பாத்துட்டு ஒதுங்கிப் போறான்.

அப்பத்தான் பயம் வந்துச்சு. அவ கையில போன் இருக்குது, ஆனா வெளிநாட்டுச் சிம்மு என் போனுக்கு மட்டுந்தான் போட்டது. அவள யாரு கூப்புடப் போறாங்கன்னு உட்டுட்டேன். பாஸ்போர்ட்டு ரெண்டும் என் இடுப்புப் பையில. காசும் என்கிட்டத்தான். பொம்பளைங்ககிட்டக் குடுத்தா எங்கயாச்சும் வெச்சுத் தொலைச்சுருவாங்கன்னு எல்லாத்தையும் நானே பத்திரமா வெச்சிருந்தேன். பாசை தெரியாத ஊரு. வெறுங்கையோட ஒருத்தி. எவனாச்சும் எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிட்டா? மக கேட்டா நான் என்ன பதில் சொல்றது? ரோட்டோரத்துல ஒரு கட்டையப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டேன் தம்பி. கடைக்குப் போயி உக்காந்தா ஊரே பயப்படற ஆளு நான். அழுதேன்.

ஷெரினுக்குப் போன் போட்டேன். அது ஓடி வந்து என்னப் போலீஸ்கிட்டக் கூட்டிட்டுப் போச்சு. சின்ன ரூமு, நம்ம பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீஸ் அளவுக்கு. சின்ன வயசுப் போலீஸ்காரரு, அவரும் எந்திரிச்சுக் கும்புட்டாரு. கையில ஒரு மெஷினு, அவரு ஜப்பான் பாசையில பேசுனா அது தமிழ்ல பேசுது. அந்தத் தமிழக் கேக்கணுமே, "காணாமல் போன நபரின் பெயரைக் கூறவும்"னு கேக்குது. துளசிமணின்னேன். வாய் உட்டுச் சொன்னதும் எனக்கே யாரோ ஒருத்தி பேரச் சொல்றாப்பல இருந்துச்சு.

"தோற்றத்தை விவரிக்கவும்"னு கேக்குது. என்னன்னு விவரிக்கறது? மாநெறமா இருப்பா. நடுத்தர ஒசரம். மூக்குத்தி போட்டிருப்பான்னேன். எந்தப் பக்கம்னு கேட்டாரு அந்தாளு. நீங்களே சொல்லுங்க தம்பி, உங்க அம்மாவுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்? பாத்தீங்களா, யோசிக்கறீங்க. சட்டுனு கேட்டா யாருக்கும் வராது. என்ன துணின்னு கேட்டாரு. சீலைன்னேன். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. கலரு? ஊதான்னு சொன்னேன். பச்சையாவும் இருக்கலாம். போட்டோ இருக்கான்னாரு. போன்ல தேடுனா, ஜப்பான்ல எடுத்தது மட்டும் நூத்துக்கு மேல இருக்குது, அத்தனையும் நான்தான். அவதானே எடுக்கறவ, அவ எப்பிடி அதுல வருவா? கடைசில மச்சினன் மக கல்யாணத்துல எடுத்தது ஒண்ணு கெடச்சுது. பட்டுச்சீலையில ஓரமா நிக்கறா, பாதி மொகம்.

அந்தப் படத்த வெச்சுக்கிட்டு நாலஞ்சு போலீஸ்காரங்க தெருத் தெருவாத் தேடுனாங்க. நானும் ஷெரினும் ஒரு பக்கம் தேடறோம். ரயில்பாலத்துக்கு அடியில சின்னச் சின்னப் பொட்டிக்கடைங்க, ஒயரும் பல்பும் விக்கறவங்க. எங்க லைன் ஆளுக்கு அங்க நாள் பூரா நிக்கலாம். ஒண்ணையும் நான் பாக்கல. சீலை கட்டுன பொம்பள, சீலை கட்டுன பொம்பளைன்னு கண்ணு அதையேதான் தேடுது. பொழுது சாயப் போகுது. மனசு அடங்கல. சாமியெல்லாம் வேண்டிக்கிட்டேன். பண்ணாரி அம்மனுக்குத் தீக்குண்டம் எறங்கறேன்னு வேண்டிக்கிட்டேன்.

அப்ப பவானி டீலரோட சம்சாரம் ஷெரினுக்குப் போன் பண்றாங்க. "அக்கா ஸ்டேஷன் வாசல்லதான் உக்காந்திருக்காங்க"ன்னு.

ஓடுனேன். செருப்பு ஒண்ணு கழண்டுச்சு, அத உட்டுட்டு ஓடுனேன். ஸ்டேஷன் வாசல்ல எல்லாரும் நிக்கறாங்க. நான் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "எங்க? எங்க இருக்கறா?"ன்னு கேக்கறேன். எல்லாரும் என்னையே பாக்கறாங்க. எனக்கு முன்னாலதான் உக்காந்திருக்கறா தம்பி. கையெட்டற தூரத்துல. மஞ்சச் சுடிதாரு போட்டுக்கிட்டு.

சுடிதாருங்க! கல்யாணமான நாள்ல இருந்து சீலையத் தவுர வேற போட்டவ இல்ல. மக வாங்கிக் குடுத்து உட்டிருக்குது, நடக்கறதுக்குச் சௌரியமா இருக்கும்னு. போயும் போயும் அன்னைக்கா போடணும்? போலீஸ்காரங்க அவளத் தாண்டி ரெண்டு தடவ போயிருக்கறாங்க, சீலைக்காரியத் தேடிக்கிட்டு. காலைல ரூம்ல என் முன்னால வந்து நின்னு, "எப்பிடி இருக்குதுங்க?"ன்னு கேட்டா, அது ஞாபகம் இருக்குது. "நல்லாருக்குது, நேரமாச்சு வா"ன்னேன். நான் காப்பியக் கேக்கறாளோன்னு நெனச்சேன். அவ சொல்லலாமில்ல, சுடிதாரு போட்டிருக்கறேன் பாருங்கன்னு?

பவானிக்காரர் சம்சாரம் சொல்றாங்க, யாராச்சும் வழி தவறுனா நேரா ஸ்டேஷன் வாசலுக்கு வந்து உக்காருங்கன்னு ஷெரின் காலைலயே சொல்லிச்சாம். எல்லாருக்கும் கேட்டிருக்குது. ஷெரின் மொதல்ல வந்து பாத்தப்ப இவ அங்க வந்து சேரலையாமா. "அக்கா சரியா வந்து உக்காந்துட்டாங்க, அண்ணாதான் காணாமப் போயிட்டீங்க"ன்னு அந்தம்மா சொல்ல, அத்தன டீலரும் சிரிக்கறாங்க. மத்தியானம் அழுதவனுக்கு எப்பிடி இருக்கும்? ஒரு கால்ல செருப்பு இல்லாம நிக்கறேன். இவ எந்திரிக்கவும் இல்ல, எங்க போனீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கவும் இல்ல. கையி தானா மேல போயிருச்சு.

அடிக்கல தம்பி. ஓங்குனேன், அவ்வளவுதான்.

அந்தப் போலீஸ்காரரு எங்க இருந்து வந்தாருன்னே தெரியல, நடுவுல வந்து நின்னுட்டாரு. எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு, அவ முன்னால மண்டி போட்டு உக்காந்து, மெல்ல ஏதோ கேட்டாரு. மெஷினு அதத் தமிழ்ல அத்தன பேரு முன்னால சத்தமாக் கேக்குது. "இவர் உங்கள் கணவரா? இவருடன் செல்ல நீங்கள் விரும்புகிறீர்களா?"ன்னு.

அங்கதான் தம்பி என் கொறை. இந்த ஜப்பானு, சுடிதாரு, அதெல்லாம் கெடக்கட்டும். ஆமான்னு சொல்றதுக்கு எவ்வளவு நேரமாகும்? அவ சொல்லல. என்னப் பாத்தா. அப்புறம் அந்த ரோட்டப் பாத்தா, அந்த வெளிச்சத்தை எல்லாம் பாத்தா. யோசிக்கறா தம்பி! பவானிக்காரரு சிரிப்ப நிறுத்திட்டாரு. போலீஸ்காரரு அவசரப்படுத்தவே இல்ல, மண்டி போட்டது போட்டபடியே இருக்கறாரு. அப்புறம் மெல்லத் தலைய ஆட்டுனா. ஆமாவா, சரி என்ன பண்றதுங்கறதான்னு கூடத் தெரியல, அப்பிடி ஒரு ஆட்டு.

ரூமுக்கு வந்து கேட்டேன். "எதுக்குடி யோசிச்ச?" துணிய மடிச்சுப் பொட்டியில வெச்சுட்டே இருந்தா. "எங்கடி நின்ன?" அதுக்கு மட்டும் பதில் சொன்னா. "ஒரு கடை கண்ணாடில என்னப் பாத்தேன். இந்த உடுப்புல நான் இப்பிடி இருக்கறனான்னு நின்னுட்டேன். உங்கள ரெண்டு தடவ கூப்புட்டேன். திரும்பல. மூணாவது தடவ கூப்புட வாயத் தொறந்தேன், வேண்டாம்னு இருந்துட்டேன். நீங்க போறதப் பாத்துக்கிட்டே நின்னேன்"ங்கறா. பயமா இல்லையாடின்னேன். "இல்லீங்க. காத்தாட இருந்துச்சு"ன்னா.

நான் அழுதுக்கிட்டுத் திரியறேன், இவளுக்குக் காத்தாட இருந்துச்சாமா. கேளுங்க நியாயத்த.

அதுக்கப்புறம் சண்டையும் இல்ல, பேச்சும் இல்ல. பிளேன்ல சன்னலயே பாத்துட்டு வந்தா. மெட்ராஸ் வந்தோம், மக வீட்ல ரெண்டு நாள். மககிட்டயும் பேரன்கிட்டயும் நல்லாச் சிரிச்சுப் பேசுனா. எனக்குச் சோறு போட்டா, துணி தொவச்சா, ஒரு கொறையும் வெக்கல. காலைலதான் "நீங்க போங்க". சொல்லுங்க, நான் குடிச்சனா? இன்னொருத்தி பின்னால போனனா? ஒரு நாளு, ஒரு கடைவீதி, கொஞ்சம் வெசையா நடந்துட்டேன். இதுக்கு இப்பிடியா?

இருங்க, போன் வருது. மக நம்பரு.

அலோ... ம்... நீயா... ம். ஜோலார்பேட்டை தாண்டியாச்சு... சரி... ம்... சரி, எந்த டப்பாவுல?... ம்... ம்... சரி சொல்லு... அலோ? அலோ?

டவரு போயிருச்சு. பாத்தீங்களா தம்பி! அவதான்! நான் சொல்லல? கோவமெல்லாம் எத்தனை நாளைக்கு? அக்கறை இல்லாதவளா இருந்தா போன் பண்ணுவாளா? சாவி பக்கத்து வீட்டு டீச்சர்கிட்ட இருக்குதாமா. பிரஷர் மாத்திரை, வெள்ளை காலைல, சின்னது ராத்திரி, டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால இருக்குதாமா. மோட்டாரப் போட்டா டேங்கு ரொம்பி வழியறதுக்குள்ள மறக்காம அமத்தணுமாமா. எல்லாம் நிதானமாச் சொல்றா, எழுதி வெச்சு வாசிக்கறாப்பல. மனசுக்கு இப்பத்தான் லேசா இருக்குது. டீ சொல்லட்டுங்களா? ரெண்டு டீ குடுப்பா இங்க.

கேஸு சிலிண்டரு போன வாரந்தான் மாத்துனதாமா, ஒரு ஆளு சமையலுக்கு ரொம்ப நாள் வரும்னா. ஐப்பசியில எங்க அக்கா பேத்திக்குச் சீரு, என்ன செய்யணும்னு அக்காகிட்டயே கேட்டுக்கச் சொல்றா. தீபாவளிக்குப் பலகாரம் கடைவீதி ஐயர்கிட்ட முன்னாலயே சொல்லிட்டா நல்லாப் போட்டுக் குடுப்பாராமா. அப்புறம், பொங்கலுக்கு வெள்ளையடிக்கற ஆளு இருக்கறான் பாருங்க, அவனுக்கு மார்கழி பொறந்ததும் சொல்லி வெச்சுருங்க, கடைசி நேரத்துல வர மாட்டான்னா...

டீயப் புடிங்க தம்பி, சுடும்.

பொங்கலுக்குங்க. வெள்ளையடிக்கறதுக்கு.

இப்ப ஆவணிதானுங்களே?